மோர்வான் காட்டுல மூணு நாள் எம்டிபி (மலைசைக்கிள்): ஆத்தோரமா போனா ஈஸிதானுங்களே?

மண்சக்கரம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாரிஸ் வந்து ரெண்டு வருஷமாச்சு, இதுவரைக்கும் ஓட்டுனதெல்லாம் ஃபோந்தென்புளோ காடு மட்டுந்தான், அந்த மணல்ல சக்கரம் பொதைஞ்சு பொதைஞ்சு சலிச்சுப்போச்சுங்க. மே கடைசில லீவு சேந்தாப்ல வருது, பர்கண்டி பக்கம் மோர்வான் போலாம்னு இருக்கேன். வண்டி 29 இஞ்ச் ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாதது), டியூப்லெஸ், முன்னாடி 120 மி.மீ. ஃபோர்க்.

பிளான் இதான். சனிக்கிழமை காலைல பாரிஸ் பெர்சி ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி அவலோன்ல எறங்கி கூசான் ஆத்தோரமா வெஸ்லே, அங்கிருந்து க்யூர் ஆத்தப் புடிச்சு மேல ஷாஸ்தெல்யூ தாண்டி போய் தங்கறது. ரெண்டாம் நாள் காரே-லே-தோம்ப் வழியா செத்தோன் ஏரி. மூணாம் நாள் பன்சியேர் ஏரி, அப்படியே கெளம்பி க்ளாம்சில ட்ரெயின். மேப்ல பாத்தா பாதி தூரம் நீலக்கோடு கூடவே வருதுங்க, ஆத்தோரம்னா பெருசா ஏத்தம் இருக்காதுல்ல, அதனால ஒரு நாளைக்கு 75 கி.மீ. போட்டிருக்கேன். சரியா வருமுங்களா?

யாழ்ரைடர்

தம்பி, உங்கட பிளானைப் பாத்துச் சிரிச்சுப்போட்டன், கோவிக்காதேங்கோ. நானும் முதல்தரம் போகேக்கை உப்பிடித்தான் நினைச்சனான். ஆத்தங்கரை எண்டால் சமதரை, நாணல், நிழல், காலை நீட்டிக்கொண்டு பெடல் பண்ணலாம் எண்டு. க்யூர் ஆத்தங்கரையிலை ரெண்டு மணித்தியாலத்திலை ஒன்பது கிலோமீட்டர்தான் போனனான். அதிலை பாதித் தூரம் சைக்கிள் என்னிலை ஏறி வந்தது.

75 எண்டதை 45 ஆக்குங்கோ. முதல் நாள் ட்ரெயினாலை இறங்கவே மத்தியானம் ஆகிடும், அண்டைக்கு 40 போதும்.

மண்சக்கரம்

அண்ணா 9 கி.மீ.க்கு ரெண்டு மணி நேரமா? நெசமாவா? அந்த மலையோட உச்சியே 901 மீட்டர்னுதான போட்டிருக்கு, எங்கூரு பக்கம் அதெல்லாம் கரடும்போம்.

செயின்லூப்

உயரத்த பாக்காத ப்ரோ, காண்டூர் கோட்ட பாரு, ஒரே உயரத்த காட்டுற கோடு. ஐஜிஎன் (பிரான்ஸ் அரசு மேப்) 25,000 ஸ்கேல் மேப்ப எடுத்து ஆத்த ஒட்டி ஜூம் பண்ணு, கோடுங்க எல்லாம் ஆத்து மேலயே வந்து விழுந்து கெடக்கும். மோர்வான் பூரா கிரானைட். ஆறு அத அறுத்துட்டு எறங்குது, அறுத்த எடத்துல கரைன்னு ஒண்ணு கெடையாது, பாறை இருக்கும், வேர் இருக்கும், நேரா தண்ணி இருக்கும். பாதை என்ன பண்ணும்னா பாறை வந்தா 40 மீட்டர் மேல ஏறும், தாண்டுனதும் 40 மீட்டர் எறங்கும், அடுத்த வளைவுல திரும்ப அதே கூத்து. மலை ஏர்றதுன்னா ஒரே ஏத்தம், மனசு தயாரா இருக்கும். இது குட்டி குட்டியா நூறு தடவ ஏத்தம், கால் செத்துரும். என் கணக்குல ஆத்தோர 20 கி.மீ.யும் மலைமேட்டு 35 கி.மீ.யும் ஒண்ணு.

ஒசேர் தாத்தா

எல்லாரும் கஷ்டம் கஷ்டம்னு சொல்றீங்க, ஏன் அங்க நல்ல பாதை இல்லன்னு யாரும் சொல்லலையேப்பா. நான் பாண்டிச்சேரிலேர்ந்து வந்து ஒசேர்ல 31 வருஷமா இருக்கேன், முட்டி போனதுலேர்ந்து சைக்கிள விட்டுட்டேன், நடைதான். அதனால வாயாவது ஓட்டுறேன்.

பிரான்சுல எந்த ஆத்தோரம், எந்த கால்வாயோரம் அகலமா சமமா பாதை இருக்கோ, அங்க அநேகமா ஒரு காலத்துல குதிரையோ மனுஷனோ கரைல நடந்து கயிறு கட்டி படகை இழுத்திருப்பான். அலாஜ் பாதைன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு குடும்பத்தோட சைக்கிள் போறாங்களே, அந்த பாதையில நெறைய அதுதான். க்யூர்லயும் மேல்பக்கத்து யோன்லயும் படகே கெடையாது. அங்க போனது வெறகு. பாரிஸ் குளுருக்கு எரிக்கிற வெறகு ரொம்ப காலம் பெரும்பாலும் இந்த மோர்வான் காட்டுலேர்ந்துதான் போச்சு. 16ஆம் நூற்றாண்டுலேர்ந்து மரத்த வெட்டி, துண்டு போட்டு, யாரோடதுன்னு தெரியணும்னு முனையில சுத்தியலால முத்திரை அடிச்சு அப்படியே ஆத்துல தள்ளிவிட்ருவாங்க. சின்னச் சின்ன குளத்துல தண்ணிய தேக்கி வெச்சு ஒரே நேரத்துல தெறந்துவிட்டா வெறகு பூரா பொரண்டு உருண்டு போய் சேரும். யோன்ல போனது க்ளாம்சிக்கு, க்யூர்ல போனது வெர்மாந்தோனுக்கு. அங்க முத்திரைய பாத்து பிரிச்சு தெப்பமா கட்டி பாரிசுக்கு விடுவாங்க. நீ போகப்போற செத்தோன் ஏரி அணைய 1858ல முடிச்சதே முக்கியமா இந்த வெறகு மெதக்குறதுக்குத்தான். அப்புறம் நிலக்கரி வந்துச்சு, வெறகு படுத்துருச்சு.

வெறகு தானா மெதக்குது, அத இழுக்க குதிரை எதுக்கு? அடைச்சிக்கிட்ட கட்டைய தள்ளிவிட கொக்கிக் கோல் வெச்ச ஆளுங்க கரையோரமா பாறை பாறையா தாவிப் போனான். நீ போகப்போறது அந்த கொக்கிக்காரன் நடந்த வழிதான்பா. சைக்கிளுக்குன்னு யாரும் போட்டுவெக்கல.

மழைக்காரி

தாத்தா இத படிச்சப்புறம்தான் எனக்கு அந்த ஆத்து மேல இருந்த கோவமே போச்சு 😄

லியோன்லருந்து நாங்க மூணு பேரு போன வருஷம் போனோம். நான் சொல்ல வந்தது வேற. மண்சக்கரம், உங்களுக்கு நீலக்கோடு கூடவே சமமா போகணும்னு ஆசைன்னா அதுவும் அங்கயே இருக்கு, ஆனா நீங்க பாத்த எடத்துல இல்ல. பன்சியேர் ஏரிலருந்து நிவர்னே கால்வாய்க்கு தண்ணி கொண்டு போற ஒரு வாய்க்கால் இருக்கு, ரிகோல் தியோன்னு பேரு. 25 கி.மீ.க்கு மேல காட்டுக்குள்ள மலைச்சரிவ ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போகும். தண்ணி தானா ஓடணும், ஆனா வேகமா ஓடி கரைய அரிச்சுரக் கூடாதுன்னு வாட்டம் ரொம்ப கம்மியா வெட்டிருக்காங்க, அதனால பக்கத்துல போற பாதையும் மேசை மாதிரி. நடுவுல மோந்த்ரெயோன்கிட்ட பள்ளத்தாக்க தாண்ட 33 மீட்டர் உயரத்துல ஒரு தொட்டிப் பாலம். உங்க மூணாம் நாள் ரூட்ட இதுல மாத்துங்க, க்ளாம்சி ஈஸியா போயிரலாம்.

மண்சக்கரம்

தாத்தா நன்றிங்க, இத ட்ரெயின்ல போறப்ப திரும்ப படிச்சுக்குவேன். அக்கா ரிகோல் போட்டாச்சு. மத்த ரெண்டு நாளும் குறைச்சு, 42, 48னு வெச்சிருக்கேன்.

அடுத்த டவுட்டு. போர்டு எல்லாம் எப்படிங்க? ஜிபிஎஸ் மட்டும் நம்பி போகலாமா?

செயின்லூப்

வேதேதே போர்டுன்னு தனியா இருக்கு (இங்க எம்டிபின்னா ஒருத்தனுக்கும் புரியாது, வே-தே-தேன்னு சொல்லு). ஒரு முக்கோணம், அதுக்கு கீழ ரெண்டு வட்டம், சைக்கிள பக்கவாட்டுல பாத்த மாதிரி. நம்பர் கலர்தான் கஷ்டத்த சொல்லும், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. வெள்ளை சிவப்பு பட்டை போட்டதுன்னா அது ஜிஆர், நடக்கிறவங்க பாதை, சில எடத்துல சைக்கிளும் அதுலயே போகும் சில எடத்துல படிக்கட்டா இருக்கும். அவலோன்லேருந்து மத்தியதரைக் கடல் காப் தாக்த் வரைக்கும் ஜி.டி.எம்.சி.ன்னு கிட்டத்தட்ட 1400 கி.மீ. வேதேதே வழி போகுது, நீ போற ஏரியாவ அது தொட்டுட்டுத்தான் போகுது, அந்த போர்டையும் பாப்ப.

ஜிபிஎஸ் ஓகே, ஆனா மோர்வான்ல மரம் வெட்டுற மெஷின் ஒரு வாரம் வந்துட்டு போனா பாதையே இருக்காது. மேப்ல கோடு இருக்கும், முன்னாடி முட்டி ஆழத்துக்கு ரெண்டு டயர் பள்ளம், நடுவுல கிளை குப்பை. அந்த குப்பைல பெடல் பண்ணாத, எறங்கி தள்ளு. சீரியஸா சொல்றேன். ஒரு குச்சி போதும்.

யாழ்ரைடர்

காட்டைப் பற்றி ஒண்டு சொல்லோணும். முதல் போனபோது பீச், ஓக் மரங்கள், நிலமெல்லாம் மஞ்சள் வெளிச்சம். இப்ப கன இடங்களிலை டக்ளஸ் எண்ட அமெரிக்க ஊசியிலை மரம், கெதியா வளரும், வரிசையா நட்டு, வளந்ததும் முழுக்க மொட்டையடிக்கிறாங்கள். டக்ளஸ் தோட்டத்துக்குள்ளை போனால் குருவிச் சத்தமும் இல்லை, கீழை புல்லும் இல்லை, இருட்டு. அங்கத்தைய சனம் இதுக்கு எதிரா கனகாலமாச் சண்டை பிடிக்குது, சிலபேர் காசு சேத்துப் பழைய காட்டை வாங்கி வெட்டாமல் வைச்சிருக்கினம். அந்தப் பக்கம் நத்தார் (கிறிஸ்மஸ்) மரத் தோட்டமும் நிறைய. வேலி போட்டிருப்பாங்கள், உள்ளுக்கை போகாதேங்கோ.

பெடல் பாண்டியன்

மக்களே நான் போன ஆகஸ்ட்ல கூசான் ஆத்துக்குள்ளயே வண்டிய விட்டேன் செம்ம ஃபீலிங், தண்ணி ஹப் வரைக்கும், கூழாங்கல்லு மேல கடகடன்னு, ஃபிரண்டு வீடியோ எடுத்தான், நாளைக்கு போடுறேன் பாருங்க. தம்பி நீயும் ட்ரை பண்ணு, மில்லு பக்கத்துல ஆழம் கம்மியாத்தான் இருக்கு.

மழைக்காரி

பாண்டியன், வீடியோ வேணாம், ப்ளீஸ். கூசான்ல நன்னீர் முத்துச்சிப்பி இருக்கு, பிரான்சுல அது மிஞ்சி இருக்கிற எடமே கொஞ்சந்தான். நூறு வருஷம் வாழுற பிராணி, ஆத்தடி சரளைல பாதி பொதைஞ்சு நின்னுட்டு இருக்கும், பாத்தா கறுப்புக் கல்லுன்னுதான் நெனைப்பீங்க. குஞ்சா இருக்கும்போது ட்ரவுட் மீனோட செவுள்ல ஒட்டிக்கிட்டு வளரும், அப்புறம் விழுந்து சரளைக்குள்ள வருஷக்கணக்கா கெடக்கும். நீங்க கடகடன்னு போனீங்களே, அந்த சரளைதான். பாலம் இருந்தா பாலத்துல போங்க.

பெடல் பாண்டியன்

அம்மா தாயே, ஒரு சைக்கிள் போனதுக்கா. அங்க மாடே எறங்கி தண்ணி குடிக்குது.

மழைக்காரி

மாடு எறங்காம இருக்கத்தான் அங்க நெறைய எடத்துல வேலி போட்டு மேலயே தண்ணித்தொட்டி வெச்சிருக்காங்க. மாட்டுக்கே அந்த ஏற்பாடு.

பெடல் பாண்டியன்

😶 சரி. வீடியோ போடல.

மண்சக்கரம்

நான் பாலத்துலயே போறேனுங்க. சாப்பாடு தண்ணி எப்படி? கேம்ப்பிங் சாமான் தூக்கல, ஜீத்ல (கிராமத்து தங்கும் வீடு) தங்கறேன்.

ஒசேர் தாத்தா

ஜீத்ல ராத்திரி சாப்பாடும் சேத்து முன்னாடியே சொல்லிடு, இல்லன்னா கிராமத்துல கெடைக்காது. மதியம் ஓட்டல்னா பன்னெண்டுலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள உக்காந்துரணும். ரெண்டேகாலுக்கு போய் நின்னா அந்தம்மா நாற்காலிய தூக்கி மேசைமேல கவுத்துட்டு பரிதாபமா ஒரு பார்வை பாக்கும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ரொட்டிக்கடை காலைல மட்டும். திங்கக்கிழமை பல ஊர்ல ரொட்டிக்கடையே லீவு. நீ மூணாம் நாள் திங்கள்ல மாட்டுற, ஞாயித்துக்கிழமையே ஒரு ரொட்டிய வாங்கி பையில சொருகிக்கோ.

தண்ணிக்கு ஊரு குழாய்ல "ஓ நோன் பொதாப்ல்"னு எழுதியிருந்தா குடிக்காத. எங்கயும் கெடைக்கலன்னா கல்லறைத் தோட்டத்துக்கு போ. ஒவ்வொரு ஊர்லயும் இருக்கும், பூவுக்கு ஊத்த ஒரு குழாய் வெச்சிருப்பாங்க, அநேகமா ஊரு குடிதண்ணிதான், அங்கயும் போர்ட மட்டும் ஒரு தடவ பாத்துக்கோ. சைக்கிள வெளில சாத்திட்டு, ஹெல்மெட்ட கழட்டிட்டு போ.

யாழ்ரைடர்

ஐயா சொன்ன சேமக்காலைக் குழாய் உண்மை, நான் எத்தினைதரம் பிடிச்சிருக்கிறன்.

உண்ணி இருக்கு, வடிவா பாருங்கோ. மே, ஜூன் அதுகளுக்கு நல்ல காலம். பின்னேரம் குளிச்சிட்டு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கோ. மருந்துக்கடையிலை சின்னக் கொக்கி மாதிரி ஒண்டு விப்பினம், அதாலை மெல்லச் சுழட்டி எடுக்கோணும். எண்ணெய், நெருப்பு ஒண்டும் வைக்கப்படாது. பிறகு ஒரு மாதத்துக்குள்ளை அந்த இடத்திலை சிவப்பு வளையம் பெரிசாகிக்கொண்டு போனால் உடனை டொக்டரிட்டைப் போங்கோ, அது லைம் எண்ட வருத்தம், உண்ணியாலை வாறது.

கறுப்புப் பாதை

புதுசா வந்தவன், இந்த இழைய இப்பத்தான் படிச்சேன். நாங்க அக்டோபர்ல போறோம், இலை கலர் மாறுற டைம். ஏதாவது பிரச்சினை?

செயின்லூப்

வேட்டை. செப்டம்பர்ல தொறந்தா பிப்ரவரி கடைசி வரைக்கும். காட்டுப்பன்னி, மான். ஞாயித்துக்கிழமை நாடு முழுக்க தடைன்னு ஒண்ணும் கெடையாது, பேசிக்கிட்டே இருக்காங்க. வழில "ஷாஸ் ஆன் கூர்"னு முக்கோண போர்டு வெச்சிருந்தா அன்னிக்கு அந்த பக்கம் கூட்டமா நின்னு விரட்டி சுடுறாங்கன்னு அர்த்தம். திரும்பி வேற வழி. ஆரஞ்சு சட்டை போட்டு ஒருத்தன் நின்னா நிறுத்தி போன்ஜூர் சொல்லி எந்தப் பக்கம் போலாம்னு கேளு, சொல்லுவான். நானும் பளிச்சுன்னு கலர் போட்டுட்டுதான் போவேன், கறுப்பு ஜெர்சி அந்த சீசன்ல வீட்லயே இருக்கட்டும்.

கறுப்புப் பாதை

காடு எல்லாருக்கும் பொதுதானே? அவங்களுக்காக நாங்க ஏன் திரும்பணும்.

செயின்லூப்

அதான் இல்ல. பிரான்சுல நாலுல மூணு பங்கு காடு தனியார் சொத்து. மோர்வான்ல இன்னும் அதிகம். நீ போற பாதை ஊருக்கு சொந்தமான ஷெமன் ரூராலா இருந்தா ஒன்ன யாரும் தடுக்க முடியாது, ஆனா பக்கத்துல இருக்குற மரம் அவனோடது. 2023 பிப்ரவரில வந்த சட்டத்துக்கப்புறம் "தனியார் சொத்து"ன்னு தெளிவா போர்டு வெச்ச காட்டுக்குள்ள போனாலே 135 யூரோ அபராதம் போடலாம். பழைய தடம் ஒண்ணு மேப்ல இருக்கேன்னு சங்கிலிய தாண்டாத.

ஒசேர் தாத்தா

வேட்டைக்காரன்னா வில்லன் மாதிரி பேச வேணாம்பா. எங்க தெருவுல ரெண்டு பேரு இருக்காங்க, போன வருஷம் ஒரு பன்னித் தொடைய கொண்டாந்து குடுத்தான், எங்க வீட்டம்மா மெளகு போட்டு வறுத்து அவனுக்கே ஒரு டப்பா அனுப்பிச்சு. ஆனா தம்பி சொல்றதும் சரி. துப்பாக்கிக்கு பொதுச்சொத்து தனிச்சொத்து தெரியாது.

மண்சக்கரம்

போய்ட்டு வந்துட்டேனுங்க!!! நேத்து ராத்திரி 11 மணிக்கு வீடு. வெரலு ரெண்டு மரத்துப் போய் டைப் பண்ண வரல, தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க.

மொதல் நாள். அவலோன் ஊரு பாறை மேல இருக்கு, கோட்டைச்சுவத்துக்கு கீழ கூசான். எறங்குறது அஞ்சு நிமிஷம், சூப்பருங்க, கீழ பழைய மில்லுங்க, தண்ணி டீத்தண்ணி கலர்ல. வெஸ்லே பக்கம் போற வரைக்கும் ரோடும் பாதையுமா ஜாலியா போச்சு, நானே மனசுக்குள்ள "இந்த அண்ணனுங்க பயங்காட்டிட்டாங்க"ன்னு நெனச்சேன். வெஸ்லே பசிலிக்காவ தூரத்துலயே பாக்கலாம், மேட்டுக்கு மேல ஒரே ஊரு. அங்க சுண்ணாம்புக்கல் மண்ணுங்க, முந்தின நாள் மழை பேஞ்சிருக்கு, எறங்கறப்ப சோப்பு போட்ட மாதிரி வழுக்கிட்டு பின்சக்கரம் முன்னாடி வந்துருச்சு. விழல.

பியர்-பெர்த்துய்ல பாலத்துல நின்னு பாத்தேன், கீழ க்யூர், பக்கத்துல பாறையில இயற்கையா ஒரு வளைவு. அதுக்கப்புறம் சுண்ணாம்பு முடிஞ்சு கிரானைட். அங்கதானுங்க ஆரம்பிச்சுது. யாழ் அண்ணா, உங்க ரெக்கார்ட நான் முறியடிச்சுட்டேன், 8 கி.மீ., ரெண்டு மணி பத்து நிமிஷம். ஒரு எடத்துல வேர் எல்லாம் படிக்கட்டு மாதிரி, ஈரம், வண்டிய தோள்ல போட்டுட்டு ஏறி, எறங்கி, திரும்ப ஏறி. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த கொக்கிக்காரன் கதை தெரிஞ்சதால கோவம் வரல. ஒரு பாறைல உக்காந்து மீதி வாழைப்பழத்த தின்னுட்டு, இந்த மூலைல கட்டை அடைச்சிருந்தா எந்த கல்லு மேல நின்னு தள்ளியிருப்பான்னு பாத்துட்டு இருந்தேன். ஒரே ஒரு கல்லுதான் தோதா இருந்துச்சு. அதுல நானும் ஏறி நின்னேன் 😀

ரெண்டாம் நாள், செயின்லூப் அண்ணா சொன்ன அதே குச்சி. காரே-லே-தோம்ப்ல சர்ச்ச சுத்தி கல்லு சவப்பெட்டிங்க வரிசையா கெடக்குதுங்க, நூத்துக்கும் மேல, அத பாத்துட்டு கெளம்பி ஒரு மணி நேரம். மொட்டையடிச்ச காடு, மெஷின் போன பள்ளம், நடுவுல கிளை. எறங்கித் தள்ளுன்னு சொன்னீங்க, நானும் தள்ளிட்டுத்தான் வந்தேன். கடைசி 20 மீட்டர் மட்டும், எதுக்கால ரோடு தெரியுது, ஏறி ஒரு மிதி மிதிச்சேன். டக்குன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா டிரெய்லியர் (கியர் மாத்துற கருவி) சக்கரத்து ஸ்போக்குக்குள்ள, அத ஃப்ரேமோட சேக்குற ஹேங்கர் ரெண்டா ஒடஞ்சு, கட்டைவெரல் தடிமன் குச்சி ஒண்ணு செயினுக்கு நடுவுல நிமிந்து நிக்குது.

ஸ்பேர் ஹேங்கர் இல்லீங்க. போறதுக்கு முன்னாடி பாரிஸ்ல ஒரு கடைல கேட்டேன், "இதெல்லாம் ஒடையாது"ன்னான். நம்பிட்டேன்.

செயின் கட்டர் இருந்துச்சு, குயிக் லிங்க் ரெண்டு இருந்துச்சு. டிரெய்லியர கழட்டி பையில போட்டு, செயின வெட்டி பின்னாடி நடு பல்லுல ஒரே கியரா மாட்டுனேன். ஓடுச்சு, 300 மீட்டர். அப்புறம் செயின் தானா ஏறி பெரிய பல்லுல போய் இறுகி நின்னுருச்சு. திரும்ப கழட்டி, முன்னாடி பெடல் பல்சக்கரத்துக்கு நேரா வர்ற பல்லா பாத்து மாட்டி, இன்னொரு தடவ. நாலாவது தடவதான் ஒழுங்கா நின்னுச்சு. கையெல்லாம் கிரீசு, மழை தூற ஆரம்பிச்சிருச்சு. வேலிக்கு அந்தப்பக்கம் வெள்ளை ஷரோலே மாடு ஏழெட்டு வரிசையா நின்னு பாக்குதுங்க, ஒண்ணுகூட நகரல. பேலன்சுக்கு வேலிய புடிச்சேன் பாருங்க, கரண்ட் வேலி!! தோள் வரைக்கும் ஒரு ஒதறு. அப்பவும் மாடு நகரல.

செத்தோன் ஏரிக்கு ஏத்தத்துல பூரா தள்ளிட்டு, எறக்கத்துல உருட்டிட்டு, ராத்திரி எட்டே காலுக்கு போய் சேந்தேன். ஜீத்காரம்மா சூப்ப எடுத்து வெச்சிருந்தாங்க, ஒண்ணுமே கேக்கல, என் கையப் பாத்துட்டு மொதல்ல பாத்திரம் கழுவுற சோப்பத்தான் குடுத்தாங்க.

செயின்லூப்

கடைசி 20 மீட்டர். எப்பவும் அந்த கடைசி 20 மீட்டர்தான். ஹார்ட்டெயில்ங்கறதால தப்பிச்ச, ஃபுல் சஸ்பென்ஷன்ல பின்னாடி அமுங்குறப்ப செயின் நீளம் மாறும், ஒரே கியர் வித்தை அதுல ஓடவே ஓடாது. ஹேங்கர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேற வேற டிசைன், கிராமத்துக் கடைல உன்னோடது இருக்க வாய்ப்பே இல்ல. நான் ரெண்டு வாங்கி ஒண்ண சீட்டுக்கு அடில டேப் போட்டு ஒட்டியே வெச்சிருப்பேன்.

மழைக்காரி

மூணாம் நாள் ஒரே கியர்லயா? ரிகோல் போனீங்களா இல்லையா, அத சொல்லுங்க!

மண்சக்கரம்

அக்கா அதாலதான் வீடு வந்தேன். பன்சியேர் வரைக்கும் ரோட்லயே, தள்ளி உருட்டி. ரிகோல் ஆரம்பிச்சதும் ஒரே கியர் போதும்னு ஆச்சுங்க. வாய்க்கால் அகலம் சின்னதுதான், தண்ணி என்கூடவே நடக்கற வேகத்துல வருது, ஒரு பீச் இலை விழுந்து மெதந்துட்டு போச்சு, அதுகூடவே கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டுனேன், ஒரு வளைவுல அது புல்லுல மாட்டிக்கிச்சு. மூணு நாள்ல மொத தடவையா காலு வலிக்காம தலைய நிமித்தி மரத்தப் பாத்தேன். நீலக்கோட்டோரமா சமமா போகணும்னு நான் கனவு கண்ட அதே சங்கதி, ஆனா அது ஆறே இல்ல, மனுஷன் வெட்டுனது. மோந்த்ரெயோன் பாலத்துகிட்ட நின்னு கீழ பாத்தா அங்க பள்ளத்துல நெசமான யோன் ஆறு ஓடுது.

அப்புறம் சார்தில 16 லாக் (கால்வாய்ல படகு ஏத்தி எறக்குற மதகு) வரிசையா படி மாதிரி எறங்குது, அதோரமா எறங்கி கால்வாய்க்கரையோட க்ளாம்சி. திங்கக்கிழமை, வழில ரொட்டிக்கடை பூட்டியிருந்துச்சு, ஞாயித்துக்கிழமை ரொட்டி கல்லாயிருச்சு, தாத்தா சொன்ன கல்லறைக் குழாய்ல தண்ணி புடிச்சு நனைச்சு தின்னேன்.

உண்ணி ஒண்ணு. முழங்கால் மடிப்புல. கொக்கில எடுத்தாச்சு, தேதிய நாள்காட்டில குறிச்சு வெச்சுட்டேன்.

பெடல் பாண்டியன்

இத படிச்சுட்டு நானும் மூணு நாள் போலாம்னு இருக்கேன், பாலத்துல போறேன் 🙏 என் வண்டி எலக்ட்ரிக், 250 வாட், ஆத்தோரம் வேர்ல எல்லாம் தள்ளணும்னா 24 கிலோ, என்ன பண்றது?

யாழ்ரைடர்

நானும் இப்ப எலக்ட்ரிக்தான், முழங்காலாலை. அதை யாரும் தோளிலை தூக்கேலாது, நாரி போயிடும். க்யூர் கரையை விடுங்கோ, அதுக்கு மேலாலை காட்டுப் பாதை போகுது, ஏத்தம் கூட, ஆனால் தரை ஒழுங்கு. பட்டறியை ஜீத்திலை சார்ஜ் போடலாமோ எண்டு முதலே கேட்டுக்கொள்ளுங்கோ. ஈரப் பாதை எண்டால் டயரிலை காத்தைக் கொஞ்சம் இறக்குங்கோ, நான் 1.7 பார் வைக்கிறனான், உங்கட பாரத்துக்கு ஏத்த மாதிரி.

ஜூன் மூண்டாம் கிழமை நான் ரிகோல் பக்கம் போறன், ஒரு நாள்தான். ஆரும் வாறதெண்டால் சொல்லுங்கோ. சில ட்ரெயினிலை சைக்கிளுக்குத் தனிய இடம் பதியோணும், அதுவும் கொஞ்ச இடந்தான், பிந்தினால் கிடைக்காது.

மண்சக்கரம்

அண்ணா நான் வர்றேனுங்க. ஹேங்கர் வெள்ளிக்கிழமை வந்துரும்னு சொல்லியிருக்காங்க. மூணு ஆர்டர் பண்ணியிருக்கேன்.

ஒசேர் தாத்தா

அன்னிக்கு மோந்த்ரெயோன் பாலத்துகிட்ட நான் காரோட நிக்கிறேன்பா. எலுமிச்சஞ்சோறு கொண்டாறேன். எத்தன பேருன்னு மட்டும் முன்னாடியே சொல்லுங்க.

மழைக்காரி

நாலு பேரு தாத்தா. பாண்டியன் வந்தா அஞ்சு.